மலை சுற்றி வந்த மாமனார்

தம் சொந்தச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழையவிடாமல் ஒருவரை வாசலிலேயே நிறுத்திவிட்டால் அவருக்கு எப்படி இருக்கும்? போன ஞாயிற்றுக்கிழமை பாலிங் டவுனில் அதுதான் நடந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். சிரிப்பதா, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடிவிடுவதா என்று தெரியவில்லை.

ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

காதர் நானாவுக்கு டவுனில் கீழே சாப்பாட்டுக் கடை, மேலே வீடு. ஆள் நல்ல கனம். சீனி அதிகமாகிவிட்டது, நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானா நடந்தும் பார்த்தார். "ரோட்டுல நடந்தா, கார் கெட்டுப் போச்சா நானான்னு பார்க்கிறவன் எல்லாம் கேக்கிறான் லா. பதில் சொல்லியே வாய் வலிக்குது" என்று இரண்டாம் வாரமே நிறுத்திவிட்டார்.

அந்த நேரம் பார்த்து நான் ஒரு மவுண்டன் பைக் வாங்கினேன். இப்போது இளவட்டங்கள் எல்லாம் பேசுகிறார்களே, தடித்த டயர், கைப்பிடியிலேயே கியர்... அதுதான். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கிறவனுக்கு எதற்கு மலையேறும் சைக்கிள் என்று என் மனைவி ரெஜினா கேட்டாள். நானா ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். மறுவாரமே சுங்கை பட்டாணிக்குப் போய் அவரும் ஒன்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பச்சைக் கலரில்!

அதிலிருந்து ஞாயிறு காலையில் முதல் பூசை முடிந்ததும் நான் மாதா கோயிலிலிருந்து நேராக அவர் கடைக்குப் போவேன். ஆளுக்கொரு ரொட்டி. பிறகு புறப்பாடு.

எங்கள் பக்கத்துப் பாதைகளைச் சைக்கிளில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? டவுனைத் தாண்டினால் ரப்பர் எஸ்டேட்டின் செம்மண் பாதை. இரண்டு பக்கமும் மரங்கள் வரிசை வரிசையாகக் கூடவே ஓடி வரும். வெயில் உச்சியில் இருந்தாலும் உள்ளே நிழல்தான். இறக்கத்தில் பிரேக்கை விட்டால் காற்று சட்டைக்குள் புகுந்து பலூன் மாதிரி ஊதும். அடியில் கெட்டில் ஆற்றில் போய்க் கலக்கும் ஒரு சின்ன ஆறு. அதன் மேல் பலகைப் பாலம். பாலத்தைத் தாண்டினால் கம்பம் என்கிற மலாய்க் கிராமம், டூரியான் தோப்பு, அதற்கப்புறம் மலை. காரில் போகிறவனுக்கு இதெல்லாம் வெறும் பச்சை. சைக்கிளில் போனால்தான் ஒவ்வொரு மேட்டுக்கும் நம் முழங்காலில் ஒரு பெயர் இருப்பது தெரியும்!

போன ஞாயிறு நானா வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. காரணம், அன்று மதியம் அவருடைய மகள் மும்தாஜைப் பெண் பார்க்க அலோர் ஸ்டாரிலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளை ரஹீம், பினாங்கில் ஃபேக்டரியில் டெக்னீஷியன். நானா போட்டோவில்தான் பார்த்திருக்கிறார்.

"இன்னிக்குமா நானா?"

"லுஹர் தொழுகைக்கு முன்னாடி வந்திடலாம் லா. வீட்டுல இருந்தா எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

போனோம். மலையடிவாரம் வரைக்கும் எல்லாம் சுகம்தான். திரும்பலாம் என்று சைக்கிளைத் திருப்பியபோது மேலே மலைப்பக்கம் வானம் கறுத்திருந்தது. எங்கள் தலையில் ஒரு சொட்டு விழவில்லை. ஆனால் பாலத்துக்கு வந்து பார்த்தால்... பாலம் எங்கே?

மலையில் பெய்த மழையெல்லாம் ஆற்றில் இறங்கிவிட்டது. காப்பிக் கலரில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போகிறது. பாலத்தின் கைப்பிடி மட்டும் ஓரத்தில் தெரிகிறது. நானா சைக்கிளைத் தோளில் தூக்கிவிட்டார்.

"இடுப்பளவுதான் இருக்கும். வா."

அதற்குள் கம்பத்திலிருந்து ஒரு மாக்சிக், வயதான மலாய் அம்மா, கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். "ஜங்கான்! ஜங்கான் லாலு! ஆயர் நாயிக்!" போகாதே, தண்ணீர் ஏறுகிறது என்று அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே ஒரு முழு வாழைமரம் வேரோடு உருண்டு வந்து, அந்தக் கைப்பிடியை ஒடித்துக்கொண்டு போனது.

நானா சைக்கிளை மெதுவாகக் கீழே வைத்தார்.

இனி ஒரே வழி, மலையைச் சுற்றி மெயின் ரோட்டைப் பிடிப்பது. அப்போதுதான் மழை எங்கள் பக்கமும் இறங்கியது. செம்மண் பாதை கஞ்சியாகிவிட்டது. மிதித்தால் டயர் மட்டும் சுற்றுகிறது, சைக்கிள் நகரவில்லை. தள்ளினோம். வழுக்கினோம். கணுக்காலில் அட்டைகள் ஏறின. ஓரிடத்தில் நானா முழுசாகக் குப்புற விழுந்தார். எழுந்தபோது மூக்கும் மீசையும் எது எங்கே என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"தலை சுத்துதா நானா?" சீனிக்காரர் ஆயிற்றே, பயந்துவிட்டேன். பையில் இருந்த மிட்டாயை எடுத்து நீட்டினேன். வாயில் போட்டுக்கொண்டார்.

"அதில்ல தம்பி. மும்தாஜ் ஏற்கெனவே ரெண்டு இடம் வேண்டாம்னுட்டா. ஏன்னு கேட்டா, மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை பேசாம எப்படி அத்தா தெரியும்ங்கிறா. நம்ம வீட்டுல அப்படி வழக்கம் இல்லைன்னேன். நேத்து சத்தமும் போட்டேன். அதுக்குப் பிறகு என் முகத்தையே பார்க்கல. அவ வேண்டாம்னு சொல்றதை உட்கார்ந்து கேக்கத் தெம்பில்லாமத்தான் இன்னிக்குக் கிளம்பி வந்தேன். இப்ப அவங்க வந்து உட்கார்ந்திருப்பாங்க. பொண்ணோட அத்தா எங்கேன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவா என் புள்ள?"

மழையில் கண்ணீர் தெரியாது என்பார்கள். தெரிந்தது.

நான் ஒன்றும் பெரிதாக ஆறுதல் சொல்லவில்லை. "எழுந்திருங்க நானா, இறக்கம் வந்திருச்சு" என்றேன். வந்திருந்தது. அந்த இறக்கத்தில் காதர் நானா போனாரே ஒரு போக்கு... ஐம்பதைத் தாண்டிய மனிதர், இரண்டு காலையும் அகட்டி நீட்டிக்கொண்டு, "யா அல்லா, யா அல்லா" என்று கத்திக்கொண்டு! வழியில் நின்ற ஆடுகள் பக்கத்துப் பள்ளத்தில் குதித்துவிட்டன. பின்னாலேயே நான், "இயேசுவே, இயேசுவே" என்று. இரண்டு பேர் கூப்பிட்டதையும் கேட்டது யாரோ, ஒருவரும் விழவில்லை.

டவுனுக்கு வந்தபோது மழை விடவில்லை. கடையில் கூட்டம்! பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்துவிட்டார்கள். நானா சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசலில் காலை வைத்தார்.

"அண்ணே, அண்ணே! அப்படியே உள்ள வராதீங்க லா!"

ஒரு வாலிபன். முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்து, இடுப்பில் துண்டு கட்டி, கையில் நுரை ததும்பும் தே தாரிக் டீயோடு ஒரு தட்டு. "இப்பத்தான் தரையைத் துடைச்சோம். அந்தக் குழாய்ல காலைக் கழுவிட்டு வாங்கண்ணே. மூஞ்சியையும் சேர்த்துக் கழுவிக்கிட்டா நல்லது."

நானா என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். மனிதர் குழாயடிக்குப் போய்க் காலை நீட்டினார். முகம் கழுவிக்கொண்டு நிமிர்ந்ததும் கல்லாவிலிருந்து ஒரு குரல்:

"அத்தா!"

மும்தாஜ் ஓடி வந்தாள். அந்த வாலிபன் அவசரமாகத் தட்டைக் கீழே வைத்தான். போட்டோவில் பார்த்த முகம் நானாவுக்கு அப்போதுதான் பிடிபட்டது. ரஹீம்!

அதே நேரம் மாடிப்படியில் ரஹீமின் அப்பா இறங்கி வந்தார். பெண்ணின் தகப்பனைக் காணோம் என்று மேலே அவ்வளவு நேரம் கொதித்துக்கொண்டிருந்தவர். சேறு சொட்டும் சம்பந்தியைப் பார்த்தார். துண்டு கட்டிய மகனைப் பார்த்தார். யாரை முதலில் திட்டுவது என்று அவருக்குப் புரியவில்லை.

"மன்னிச்சுக்கங்க. ஆறு ஏறிடுச்சு... மலையைச் சுத்தி வந்தோம்" என்றார் நானா.

"சைக்கிள்லயா? இந்த வயசிலயா?"

"இறக்கத்துல மட்டும்தான். ஏத்தத்துல அதைத்தான் நான் சுமந்தேன்."

யார் முதலில் சிரித்தது என்று ஞாபகமில்லை. கடையே சிரித்தது.

நடந்தது இதுதான். நானா இல்லாமல் பேச்சை ஆரம்பிக்க முடியாது என்று பெரியவர்கள் மாடியில் காத்திருந்தார்கள். கீழே கூட்டம் ஏற, ஆள் போதாமல் மும்தாஜ் கல்லாவுக்கு இறங்கி வந்தாள். கார்க் கண்ணாடியை ஏற்றிவிட வந்த ரஹீம், டீத்தண்ணி கலக்குகிறவர் ஒற்றை ஆளாகத் திண்டாடுவதைப் பார்த்துச் சட்டையை மடித்துவிட்டான். மழை விடும்வரை இருவரும் பேசாமல் எப்படி வேலை பார்ப்பது?

மும்தாஜே என்னிடம் சொன்னாள். "ரெண்டு தடவ சண்டை போட்டோம் அங்கிள். முதல்ல அவரு மேலதான் தப்பு. ஒத்துக்கிட்டாரு. அடுத்தது என் மேல. நானும் ஒத்துக்கிட்டேன்."

பிறகு அப்பா பக்கம் திரும்பி, "சரி அத்தா" என்றாள். அவ்வளவுதான். நானா அவள் தலையில் கை வைக்கப் போய், கை ஈரமாக இருப்பதைப் பார்த்துத் தயங்கினார். அவள் அந்தக் கையை இழுத்துத் தானே வைத்துக்கொண்டாள்.

பிள்ளைகள் நல்ல முடிவு எடுக்க வேண்டும் என்று நாம் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சுமுட்ட வைக்கிறோம். கொஞ்சம் நகர்ந்து கொடுத்தால் அவர்களுக்கும் காற்று வரும் இல்லையா?

பெண்ணைப் பெற்ற நண்பர்களே, மழைக்காலம் தொடங்கிவிட்டது... சைக்கிள் இருக்கிறதா?