ஈயம் இறங்கிய மண்ணில் அப்பா போட்ட சூரியகாந்தி

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பா இல்லாமல் ஓர் ஆண்டு ஓடிவிட்டது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுத வேண்டியது மூத்த மகளான நான்தான் என்று அம்மா சொல்லிவிட்டார். "நல்லத மட்டும் பொறுக்கி எழுதாத. நடந்தத எழுது. அவுங்க இருந்தாலும் அதத்தான் சொல்லுவாங்க" என்றார். அப்படியே எழுதுகிறேன்.

அப்பா வல்லத்திராக்கோட்டையில் ஒரு விவசாயக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். வானம் பார்த்த பூமி, உழைக்க ஏற்கெனவே அண்ணன்மார் இருந்தார்கள். ஆகவே பத்தாம் வகுப்பு முடித்ததும் புதுக்கோட்டையில் ஒரு பேட்டரிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். லாரி, டிராக்டர் பேட்டரிகளைக் கழற்றிப் பூட்டத் தெரிந்துகொண்டு, பொன்னமராவதியில் பிறந்த எங்கள் அம்மாவைக் கைப்பிடித்தபின் அன்னவாசலுக்கு வெளியே ஒரு மேட்டு நிலம் வாங்கி, தகரக் கொட்டகை போட்டுச் சொந்தப் பட்டறை வைத்தார். தேய்ந்துபோன பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை உருக்கிக் கட்டியாக்கி விற்பதுதான் தொழில். பேட்டரிக்குள் இருந்த ஆசிட் தண்ணீர் அப்படியே மண்ணில் கொட்டப்பட்டது. எல்லாப் பட்டறைகளிலும் அன்று அதுதான் வழக்கம்.

அந்த நாட்களை நினைத்தால் இன்றும் மனம் இளகிப்போகிறது. மாலையில் அவருடைய மொபெட் சத்தம் தெருமுனையில் கேட்டதும் நானும் தம்பி செல்வமும் ஓடுவோம். செல்வம் அவர் மடியில் ஏறி, புகையும் புளித்த நெடியுமாக இருக்கும் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். சட்டைப் பையில் எப்போதும் வறுகடலை இருக்கும். அந்தச் சட்டையில்தான் விஷம் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

செல்வம் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தான். ஆள் வெளுத்துக்கொண்டே வந்தான். நேற்றுப் படித்த எழுத்து இன்று மறந்துபோனது. பூச்சி மருந்து கொடுத்தோம், கோயிலில் மந்திரித்தோம். கடைசியில் திருச்சியில் ஒரு டாக்டர், பையனைப் பார்த்து முடித்ததும் அப்பாவைத்தான் விசாரித்தார். "நீங்க என்ன தொழில் பாக்குறீங்க?" அப்பா சொன்னார். ரத்தப் பரிசோதனையில் ஈயம் என்று வந்தது.

திருச்சியிலிருந்து திரும்பியதும் அப்பா நேராகப் பட்டறைக்குப் போனார். அன்றைக்கே பட்டறையைப் பூட்டினார். பூட்டிவிட்டு வீட்டுக்கு வராமல், அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்கு நடந்தார். மாரியம்மாள் அத்தையின் தோட்டம் அது. உறவு எதுவும் கிடையாது, அப்பா அவரை அக்கா என்று கூப்பிட்டதால் எங்களுக்கு அத்தை. பட்டறையில் பெய்த மழைத் தண்ணீரெல்லாம் சரிவில் இறங்கி அவருடைய நிலத்துக்குள்தான் போகும். கணவரை இழந்தவர். அந்த நிலமும் சில ஆடுகளும்தான் அவருக்குப் பிழைப்பு.

"அக்கா, இந்த மண்ணுல வெளயிறத இனிமே திங்காதீங்க. விக்காதீங்க. ஆட்டையும் இங்கிட்டு மேய விடாதீங்க. எம் பட்டறை ஈயம் ஒங்க மண்ணுல எறங்கியிருக்கும்" என்றார் அப்பா.

அத்தை கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே வைத்தார். "நேத்துத்தானே தம்பி கத்திரிக்கா பறிச்சு ஒம் பொண்டாட்டிட்ட குடுத்தேன். அப்பச் சொல்றதுக்கு என்ன?"

"நேத்து எனக்கே தெரியாதுக்கா. இன்னக்கித்தான் ஆசுபத்திரியில சொன்னாங்க."

"எம் பேரப்பிள்ளைக்கும் வயித்த வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கான்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "நாளைக்கு அவனையும் கூட்டிக்கிட்டுத் திருச்சிக்குப் போவோம்க்கா."

போனார்கள். அந்தப் பிள்ளைக்கும் ரத்தத்தில் கொஞ்சம் ஈயம் ஏறியிருந்தது, நல்லவேளையாக மருந்துக்கு மட்டுப்பட்டது. செல்வத்துக்கு வயிற்று வலி நின்றது, படிப்பில் இருந்த தடுமாற்றம் மட்டும் போகவில்லை. ஆனால் அதன் பிறகு அத்தை எங்களுடன் பேசுவதை நிறுத்திவிட்டார். அப்பா லோடு வண்டி ஓட்டப் போனார். வாரந்தோறும் வல்லத்திராக்கோட்டையில் பெரியப்பா தோட்டத்துக் காய்கறியையும் அரிசியையும் ஏற்றிவந்து, அத்தை வீட்டு வாசலில் இறக்கி வைத்து, ஒரு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போவார். அவர் போன பிறகு அத்தை வெளியே வந்து மூட்டையை எடுத்துக்கொள்வார். இருவரும் முகம் பார்த்துக்கொண்டதில்லை.

இரண்டு நிலத்து மண்ணையும் அப்பா பரிசோதனைக்குக் கொடுத்தார். அதைப் பார்த்துவிட்டு, மண் ஆராய்ச்சி செய்யும் ஒரு பேராசிரியை நேரிலேயே வந்தார். கொட்டகைக்கு அடியில் இருந்த மண்தான் மிக மோசம். அதைச் சுரண்டி எடுத்து, ஆலைக் கழிவுகளைப் பத்திரமாகப் புதைக்கும் இடத்துக்கு லாரியில் அனுப்பச் சொன்னார். மற்ற இடத்துக்குச் செடிதான் வழி என்றார். சூரியகாந்தியும் கடுகும் வேர் வழியாக ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். சரிவில் வெட்டிவேர் வைத்தால் மண் கரைந்து கீழே போகாது. சுண்ணாம்பும் தொழுவுரமும் போட்டால், எஞ்சியிருக்கும் ஈயம் தண்ணீரில் கலக்காமல் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும்.

"எவ்வளவு நாள்ல சரியாகும் மேடம்?" என்று கேட்டார் அப்பா.

"கீழ் நிலம் சில வருஷத்துல தேறலாம். பட்டறை இருந்த எடம் ஒங்க காலத்துல தேறுமான்னு என்னால சொல்ல முடியாது."

"பரவால்லங்க மேடம். எம் மகன் காலத்துலயாவது தேறட்டும்."

ஊரில் பலரும் சிரித்தார்கள். தைல மரம் வைத்தால் காசாவது வரும் என்றார்கள். அப்பா இரண்டு நிலத்திலும் சூரியகாந்தி விதையை ஊன்றினார். லோடு இல்லாத நாட்களில் காலையிலிருந்து இருட்டும் வரை அங்கேதான் இருப்பார். மண் வேலை முடிந்தால் அங்கேயே குளித்து வேறு சட்டை மாற்றாமல் வீட்டுக்குள் நுழைய மாட்டார். நாங்கள் பழைய ஞாபகத்தில் ஓடினால், "அங்கிட்டே நில்லும்மா, குளிச்சிட்டு வாரேன்" என்பார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

பூத்தபோது அந்த மேடே மஞ்சளானது. சித்தன்னவாசல் பார்க்க வந்த கார்க்காரர்கள் எல்லாம் வண்டியை நிறுத்திப் படம் எடுத்தார்கள். எங்களுக்குப் பெருமையாக இருக்கும். அப்பாவுக்கோ கவலை. விதை பிடித்தால் கிளியும் மயிலும் தின்றுவிடுமே என்று, பூ முற்றுமுன் தலைகளை எல்லாம் வெட்டிவிடுவார். காய்ந்த தட்டையை அடுப்பெரிக்கக் கேட்டு வந்தவர்களையும் திருப்பி அனுப்பினார். எரித்தால் புகையோடும் சாம்பலோடும் அந்த ஈயம் மறுபடி வீடுகளுக்குள் போகும். எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் கொட்டகையில் பூட்டி வைத்து, மண் போன அதே இடத்துக்கு அனுப்பினார்.

ஒரு வருடம் செண்டுப்பூவும் போட்டுப் பார்த்தார். புதுக்கோட்டைப் பூ வியாபாரி ஒருவர் தேடி வந்து மொத்தமாகக் கேட்டார். வீட்டில் அப்போது மிகவும் கஷ்டம். அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"பூவ யாருங்க திங்கப் போறா? மாலைதானே கட்டப் போறோம்" என்றார் வியாபாரி.

"மனுசங்க திங்கமாட்டாங்க. கழட்டிப் போட்ட மாலைய மாடு திங்கும்" என்றார் அப்பா.

வியாபாரி வெறும் வண்டியோடு போனார். அன்று இரவு அம்மா அப்பாவுக்கு ஒரு தோசை கூடுதலாகச் சுட்டுப் போட்டார். சமாதானம் என்று எங்கள் வீட்டில் அதற்குத்தான் பெயர்.

அத்தை மீண்டும் பேசிய நாளைச் சொல்ல வேண்டும். அப்பா லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்த ஒரு பகலில், எங்கிருந்தோ வந்த ஆட்டுமந்தை வேலியைப் பிய்த்துக்கொண்டு சூரியகாந்திக்குள் புகுந்துவிட்டது. அத்தைதான் குச்சியோடு ஓடி, ஒன்று விடாமல் விரட்டி, முள் வெட்டிவந்து இடைவெளியை அடைத்திருக்கிறார். மாலையில் அப்பா வந்து இறங்கும்போது முள் கீறிய கையோடு அங்கேயே நின்றிருந்தார்.

"ஆடு பூந்துருச்சு தம்பி. வாய வைக்கிறதுக்குள்ள பத்தி விட்டுட்டேன். வேலிய ஒழுங்காக் கட்டு" என்றார்.

"கட்டிர்றேன்க்கா" என்றார் அப்பா. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "அக்கா பேசிட்டாங்க" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனவர் வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினார்.

கீழ் நிலம் பேராசிரியை சொன்னதுபோலவே தேறியது. பயிர் வைக்கலாம் என்று மண் பரிசோதனையில் முடிவு வந்ததும் அத்தை கத்திரிதான் போட்டார். முதல் பறிப்பைக் கூடையோடு கொண்டுவந்தார். அப்பா அதிலிருந்து சில காய்களைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, பதில் வரும் வரை யாரையும் தொடவிடவில்லை. "நல்லா இருக்கே இது. நான் குடுத்தத நாந்தான் திங்கணும் போல" என்று அத்தை சலித்துக்கொண்டார். பயமில்லை என்று பதில் வந்த பிறகு, அடுத்த பறிப்பில் அம்மா வைத்த புளிக்குழம்பை எல்லோரும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்பா மூன்றாவது முறை சோறு வாங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

எங்கள் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்யவைத்தவர், தன் ரத்தத்தைக் காட்டாமலேயே காலம் கடத்திவிட்டார். அவர் உடம்பிலும் ஈயம் ஏறியிருந்தது, சிறுநீரகங்கள் இரண்டும் பழுதான பிறகே தெரிந்தது. புதுக்கோட்டை அரசு மருத்துவமனையில் டயாலிசிஸுக்குப் போய்வருவார். திரும்பும்போது ஆட்டோவைத் தோட்டத்தருகே நிறுத்தச் சொல்லி, இறங்க முடியாமல் உள்ளிருந்தே பார்ப்பார். கடைசி வாரத்தில் செல்வத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்ன நல்லாப் படிக்கவிடாமப் பண்ணிட்டேன்டா" என்றார். தட்டுத்தடுமாறி டிப்ளமோ முடித்து இன்று வேலையில் இருக்கும் செல்வம், "நான் நல்லாத்தானேப்பா இருக்கேன். நீங்க தூங்குங்க" என்றான். அப்பா அன்று நன்றாகத் தூங்கினார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். வாரம் தவறாமல் மூட்டை கட்டிக் கொடுத்த பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும், சோர்ந்த நேரங்களில் போனில் தைரியம் சொன்ன பேராசிரியை அம்மாவுக்கும், டயாலிசிஸ் பிரிவின் செவிலியர்களுக்கும், எந்நேரம் அழைத்தாலும் வந்த ஆட்டோ அண்ணனுக்கும், இறுதி நாளில் தோள்கொடுத்த எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அன்று தன் தோட்டத்தில் அடுப்பு மூட்டி, வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்ட மாரியம்மாள் அத்தைக்கு எப்படி நன்றி சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. பட்டறை இருந்த மேடு இன்னும் தேறவில்லை. இந்த ஆண்டு விதைப்பைச் செல்வமும் அத்தையின் பேரனும் சேர்ந்து முடித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் வருகிறவர்கள் நின்று, ஆசை தீரப் பார்த்துவிட்டுப் போங்கள். ஆடு மாடுகளை மட்டும் உள்ளே விட வேண்டாம். ஒரு பூவைக்கூடப் பறிக்க வேண்டாம்.