ஜேசுதாஸ் கேட்ட பூ மழை

தலைச்சோலைக்குப் போகிற வழியில் கொஞ்சம் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஜேசுதாஸுக்கு எதையும் அடுத்தவர் கையில் விட்டுப் பழக்கமில்லை. பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பின்னால்தான் உட்காருவார். ஒவ்வொரு வளைவிலும் இவர் காலும் பிரேக்கை மிதிக்கும். இப்பேர்ப்பட்ட மனுஷன் மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் விஜயகுமாரின் பிரசங்கத்தில் உருகிப்போய், சபை நடுவே எழுந்து நின்றுவிட்டார்.

"இந்த வருஷம் தோட்டத்தைக் கர்த்தர் கையில ஒப்படைச்சுட்டேனுங்க. நான் ஒண்ணும் செய்யப் போறதில்ல. பூ மழைக்கு எல்லாரும் ஜெபம் பண்ணுங்க."

பக்கத்தில் இருந்த மனைவி ரெஜினாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

காப்பிக்காரனுக்குப் பூ மழைதான் உயிர். கோடையில் அந்த ஒரு மழை விழுந்தால்தான் மொட்டு விரியும். அடுத்த ஒரு வாரம், பத்து நாளில் பூத்துத் தோட்டமே வெள்ளையாகிவிடும். ஆனால் பூ விரிகிற அன்றைக்கு மட்டும் மழை ஆகாது. நனைந்த பூ அழுகும், காய் பிடிக்காது. அந்த வருஷக் காப்பியை நம்பித்தான் மகள் ஹரிணியை நர்ஸிங் சேர்ப்பதாக இருந்தார்கள்.

ஏப்ரல் பிறந்தும் வானம் வாயே திறக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து மாதேஷ் கிணற்றுத் தண்ணீரை எடுத்து ஸ்பிரிங்ளர் விட்டு, பூவெல்லாம் பூத்து முடிந்து நிம்மதியாக உட்கார்ந்திருந்தான். பாவம், நல்ல பையன். அவனே வந்து கேட்டான்.

"ஏனுங்க அண்ணா, பைப்பை உங்க பக்கம் திருப்பி உடட்டுங்களா? இன்னமும் இப்படியே காய உட்டா மொட்டு கருகிருமுங்க."

ஜேசுதாஸுக்குத் தலை சுற்றியது. இது கர்த்தர் அனுப்பிய உதவியா, வைத்த சோதனையா? முழங்காலில் நின்று கேட்டுப் பார்த்தார்.

"சோதனையா இருந்தா என்ன பண்றது?" என்றார் மனைவியிடம்.

"சோதிக்கறதுக்கு அந்தப் பையன் எதுக்குங்க சொந்த டீசலைப் போட்டுக்கிட்டு வரோணும்?" என்றாள் ரெஜினா.

அதுவும் சரிதானே! சம்மதித்தார். நாள் முழுக்கத் தண்ணீர் சுழன்றடித்தது.

அந்த ஞாயிறு, "ஜேசுதாஸ் பிரதர் தோட்டத்து மழைக்காக ஜெபிப்போம்" என்றார் பாஸ்டர். தண்ணீர் விட்டதை அப்போதே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். வெட்கம் விடவில்லை. முன்வரிசையில் முத்தாயி அக்கா இவருக்காகக் கண்ணீர் விட்டு மன்றாடினாள். ஜேசுதாஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆமென் சொன்னார்.

அந்த வாரமே பூ விரிந்தது. காலையில் வாசலுக்கு வந்த ரெஜினா வாசனையில் அப்படியே நின்றுவிட்டாள். மத்தியானத்துக்குள் மேகம் கூடி இருட்டிக்கொண்டது.

"இன்னிக்கு வேண்டாமுங்க சாமி! இன்னிக்கு மட்டும் வேண்டாமுங்க!" என்று ஜேசுதாஸ் தோட்டத்துக்குள் ஓடினார்.

கொட்டித் தீர்த்தது. சபையே சேர்ந்து கேட்ட மழை, ஒரு சொட்டுக் குறையாமல். மொட்டோடு காத்திருந்தவர்களுக்கெல்லாம் அது பூ மழை. பூத்து முடித்த மாதேஷுக்கும் நல்ல மழை. இவர் தோட்டத்தில் மட்டும் பூவெல்லாம் பழுப்பேறிக் கிளையோடு ஒட்டிக் கிடந்தது. தொட்டால் கையோடு வந்தது.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் முகமெல்லாம் சிரிப்பாக, "ஜெபத்தைக் கேட்ட தேவனுக்கு நம்ம பிரதர் சாட்சி சொல்வார்" என்றார்.

ஜேசுதாஸ் எழுந்தார். "மழை குடுத்தாருங்க. நான்தான் பொறுக்காம முன்னாடியே கிணத்துத் தண்ணி உட்டுட்டேன். உங்ககிட்ட மறைச்சுட்டேன். பூவெல்லாம் போச்சு. இது எனக்குத் தண்டனையா, இல்ல நான் கேட்டதத்தான் குடுத்தாரா, நொம்பக் கொழப்பமா இருக்குதுங்க. ஒண்ணும் புரியல."

பாஸ்டர் வேதாகமத்தைப் புரட்டினார், மூடினார். கடைசியில் முத்தாயி அக்காதான் கேட்டாள்.

"அப்ப இனி உனக்கு எதுக்குன்னு நாங்க ஜெபம் பண்றது தம்பி?"

"எதுக்குன்னும் சொல்ல வேண்டாமுங்க. என் பேரை மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை அவரு பாத்துக்கட்டும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்த பிறகுதான் ஜேசுதாஸுக்கு உறைத்தது: இதையும் நாமேதான் கர்த்தருக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.