பொருந்துமா அண்ணன் காத்திருந்த போன்

எங்கள் பேருந்துப் பணிமனையின் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவரை யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பொருந்துமா அண்ணன் என்றுதான் சொல்வோம். பிரேக் டிரம் வேண்டுமென்று மெக்கானிக் போய் நின்றால், எந்த வண்டி, எந்த வருஷத்து மாடல், பழையதைக் கையோடு கொண்டுவந்தாயா என்று குடைந்தெடுப்பார். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உருட்டிப் பார்த்து, "பொருந்துமா?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு, மனசு ஒப்பினால்தான் கையைவிட்டுக் கொடுப்பார். அவசரத்தில் வந்தவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் அங்கே எலக்ட்ரீஷியன். ஒரு ஹாரன் ரிலேவுக்காக அவருடைய ஜன்னலில் நின்ற நேரத்தில் ஒரு வண்டிக்கே வயரிங் போட்டு முடித்திருப்பேன். ஆனாலும் அவர் கொடுத்த பாகம் சேரவில்லை என்று திரும்பி வந்ததே கிடையாது. அதனால் அந்தப் பெயரில் கேலி பாதி, மரியாதை பாதி.

இப்படிப்பட்ட மனிதர், இன்னும் கடைக்கே வராத ஒரு போனுக்குப் பைத்தியமாக அலைந்தார் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

அந்தப் போனைப் பற்றி அப்போது பணிமனை முழுக்க ஒரே பேச்சு. சாப்பாட்டு இடைவேளையில் டப்பாவைத் திறக்கும் முன்னால் போனைத் திறப்பார்கள். எங்கிருந்தோ கசிந்த படம் என்று ஒன்றை ஒருவன் காட்டுவான். கேமரா மூன்று என்பான். இல்லை, நான்கு, ஆனால் நான்காவது சும்மா அலங்காரத்துக்கு என்பான் இன்னொருவன். மெமரி எவ்வளவு இருக்கும் என்பதில் இரண்டு டிரைவர்கள் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. போனைத் தயாரித்தவனே அவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டான். இந்தக் கூட்டத்தின் ஓரத்தில் அண்ணன் கைகழுவிவிட்டு வந்து நிற்பார். எல்லாரும் பேசி ஓயும் வரை பொறுத்திருந்து, "காது மெஷினோட பொருந்துமா?" என்று கேட்பார். கூட்டம் கொல்லென்று சிரிக்கும்.

நானும் சிரித்தவன்தான். பிறகு விஷயம் தெரிந்தது. அண்ணிக்குக் காது மந்தம். இரண்டு காதிலும் மெஷின் வைத்திருந்தார். எதிரில் உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் கேட்கும். மிச்சத்தை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். போனில் மட்டும் முடியாது. காதருகே கொண்டுபோனாலே மெஷின் கீச்சென்று விசிலடிக்கும். சில போன்களில் எதிராளியின் குரல் போனிலிருந்து நேராக மெஷினுக்குள்ளேயே போய்விடுமாம். ஆனால் அவையெல்லாம் அண்ணனால் கண்ணால் பார்க்க மட்டுமே முடிந்த போன்கள். வரப்போகிற போனில் அந்த வசதி இருக்கும் போலிருக்கிறது, விலையும் கைக்கு எட்டும் என்று போன் கடைக்காரர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அண்ணனுக்கு நிலைகொள்ளவில்லை.

புதுப் போன்களைப் பற்றி மூச்சுவிடாமல் பேசும் பிள்ளைகளின் வீடியோக்களையெல்லாம் உட்கார்ந்து பார்த்தார். அவர்கள் கேமராவைச் சொன்னார்கள், கலரைச் சொன்னார்கள், மெமரியைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். காது மெஷினைப் பற்றி ஒருவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒவ்வொரு வீடியோவின் அடியிலும் அண்ணன், "ஐயா, இது காது மெஷினுடன் பொருந்துமா?" என்று ஒரு விரலால் தட்டிப் போடுவார். பதிலுக்குச் சிரிக்கிற மூஞ்சிகள் வரும். மெமரி பெரிதாக இருந்தால் நல்லதுதானே அண்ணே என்று நான் ஒருநாள் கேட்டேன். அவர் அசரவில்லை. தன் வீட்டு மெமரி முழுக்க அண்ணியிடம் இருக்கிறது, கல்யாணமான புதிதில் தான் சொன்னதைக்கூட அவர் அழிக்காமல் வைத்திருக்கிறார் என்றார்.

அழிக்காமல் வைத்திருந்தவற்றில் ஒன்று அண்ணியின் தங்கை சொன்னது. காது மந்தமாகத் தொடங்கிய காலத்தில், சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்த இடத்தில், "அக்காவுக்கு வேண்டியது மட்டும்தான் காதுல விழும்" என்று அந்தத் தங்கை சொல்லிச் சிரித்துவிட்டாளாம். அதோடு அக்காவும் தங்கையும் முகம் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். தங்கை வேறு ஊரில் இருந்ததால் அது சுலபமாகவும் இருந்தது. பிறகு எப்படியோ போன் பேச்சு ஆரம்பித்து, இப்போது வாரம் தவறாமல் பேசிக்கொள்கிறார்கள் என்று அண்ணன் சொன்னார். எப்படியோ என்பது எப்படி என்பதை நான் அவருடைய வீட்டு ஃபேனைக் கழற்றப் போன அன்று கண்ணாரக் கண்டேன்.

நான் ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தேன். தங்கை போனில் கூப்பிட்டாள். அண்ணன் போனைத் தன் காதில் வைத்துக்கொண்டு அண்ணியின் எதிரே முழங்கால் முட்ட உட்கார்ந்தார். தங்கைக்கு வெண்கலத் தொண்டை. ஸ்டூல் வரைக்கும் கேட்டது.

"என்ன மாமா, மகாராணி இருக்காங்களா? நாமளா கூப்பிட்டாதான் உண்டு. அவங்களுக்குன்னு ஒரு நினைப்பு வராதே."

அண்ணன் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. அண்ணியைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக, "எப்பவும் உன் ஞாபகமாவே இருக்காளாம்" என்றார்.

அண்ணியின் முகம் மலர்ந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "அவ தச்சு அனுப்பின தலையணை உறை ஒண்ணுகூடத் தலையணைக்குள்ள போகலைன்னு சொல்லுங்க. கண்ணை எங்க வச்சுக்கிட்டுத் தச்சாளாம்?" என்றார். அவர் பேசும்போதே அண்ணன் போனின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, அண்ணிக்கு எட்டாத குரலில், "தலையணை உறை கச்சிதமா இருக்கும்மா. உங்கக்காவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்றார்.

ஒரு திருகாணி அரை நூல் பெரிதாக இருந்தாலே கொடுக்காத மனிதர். நான் ஸ்டூலிலிருந்து விழாதது பெரிய விஷயம். அவர் தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டு ஃபேனைப் பார்த்தேன்.

போன் வெளியாகும் நாளைக் கம்பெனி அறிவித்தது. வசதிகளின் பட்டியலில், கேமராவுக்கும் மெமரிக்கும் கலருக்கும் கீழே, கடைசிக்கு முந்தைய வரியில், காது மெஷினோடு நேராக இணையும் என்று போட்டிருந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். கிடங்குக்கு ஓடிப்போய்க் காட்டினேன். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தார். துள்ளுவார் என்று பார்த்தால் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஆளே மாறிவிட்டார். பேட்டரி சூடாகும் என்கிறார்களே என்றார். மெமரி போதாதோ என்றார். மெமரியைப் பற்றி இவருக்கு என்ன வந்தது? முதலில் வருவதை வாங்கக் கூடாது, அடுத்தது வரட்டும் என்றும் சொல்லத் தொடங்கினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஊரெல்லாம் சிரிக்கச் சிரிக்கக் கேட்டுவிட்டு இப்போது பின்வாங்குகிறீர்களா, அண்ணியிடம் என்ன சொல்வீர்கள் என்று ஜன்னலில் நின்று சத்தம் போட்டேன்.

அவர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அக்காவுக்கும் தங்கச்சிக்கும் நடுவுல நான் ஒரு அடாப்டர் மாதிரி இருந்துட்டேன் தம்பி. நேரா மாட்டினா ரெண்டும் பொருந்தாது. மறுபடி பேச்சு நின்னுபோகும். இந்த வயசுல நின்னா நின்னதுதான்."

அப்படியென்றால் வாங்க வேண்டாம் என்றேன். மெஷினோடு சேரும் என்று நாமாகச் சொல்லாவிட்டால் அண்ணிக்கு எப்படித் தெரியப்போகிறது?

அவர் கையிலிருந்த வாஷரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "நேத்து அவ கேட்டா, அந்தப் போன்ல குரல் எப்படி இருக்கும், நேர்ல கேக்கற மாதிரியே இருக்குமான்னு. காது அவளோடது. அதுல என்ன விழணும்னு தீர்மானிக்க நான் யாரு?"

அந்த மனிதர் மேல் அன்று வந்த மரியாதையில் கேலி ஒரு துளியும் கிடையாது.

போன் கடைக்கு வந்த அன்று மூன்று பேருமாகப் போனோம். கடைக்காரர் மெமரியில் தொடங்கினார். அண்ணன் கையமர்த்தி, முதலில் பொருந்துகிறதா பார்க்க வேண்டும் என்றார். அண்ணனின் சிம்மைப் புதுப் போனில் போட்டு, மெஷினோடு இணைத்தார்கள். கடைக்காரர் தன்னுடைய போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் புதுப் போனுக்குக் கூப்பிட்டார். அண்ணி சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"யாரோ காதுகிட்ட நின்னு பேசற மாதிரி இருக்கு" என்றார். அண்ணன் கண்ணாடி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் யாரைக் கூப்பிடுவது என்ற பேச்சு வந்தது. உன் பழைய ஆபீஸ் சிநேகிதியைக் கூப்பிடு என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார். அண்ணி கேட்கவில்லை. "தங்கச்சிக்குத்தான் முதல்ல. அவதானே என் ஞாபகமாவே இருக்கா" என்றார்.

தங்கையை அசத்த வேண்டும் என்று, மணி போய், மாமாவின் நம்பர்தானே என்று அவள் எடுத்த பிறகும் அண்ணி பேசாமல் சிரித்துக்கொண்டே இருந்தார். குரல் முழுக்க அவர் காதுக்குள்ளேயே போனதால் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சிரிப்பு மெல்ல மெல்ல வடிவதைத்தான் பார்த்தோம்.

"யாரு செவிட்டு மகாராணி?" என்றார் அண்ணி. "மாமா இல்லை, நான்தான் பேசறேன். ஆமா, நேராத்தான் கேக்குது."

பிறகு தலையணை உறை வந்தது. அதற்கப்புறம் அந்தப் பழைய சிரிப்பும் வந்தது. அழியாமல் இருந்த எல்லாமே வந்தன. அண்ணி போனை வைத்தார். அண்ணனைப் பார்த்தார்.

"இத்தனை நாளா நீங்க சொன்னதெல்லாம்?"

"பாதி அவ சொன்னதுதான்."

"எந்தப் பாதி?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்த இடத்தில் எனக்கு என்ன வேலை?

அந்த வாரம் கிடங்கிலிருந்து போன ஒரு ஃபேன் பெல்ட் அளவு சரியில்லை என்று திரும்பி வந்தது. பணிமனையே வாய்பிளந்தது. அண்ணி புதுப் போனில் எல்லாருடனும் பேசுகிறார், சிரிக்கிறார், தன்னிடம்தான் சாப்பிட வாங்க என்பதோடு சரி என்று அண்ணன் சொன்னார். தங்கையிடமிருந்து போனே இல்லை. செய்தது தப்பா என்று என்னைக் கேட்டார். தப்பில்லை என்று சொல்ல நினைத்தேன். எனக்கே நிச்சயமாகத் தெரியாததால் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, இடது காது மெஷின் அடிக்கடி விட்டுவிட்டுப் போகிறது என்று அண்ணி என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் பார்ப்பதற்காக இரண்டு மெஷினையும் கழற்றி டப்பாவில் வைத்திருந்தார். அப்போது போன் ஒளிர்ந்தது. தங்கை. அண்ணி பெயரைப் பார்த்தார். டப்பாவைத் தொடவில்லை. போனை ஒரு விரலால் அண்ணன் பக்கம் தள்ளினார்.

"நீங்களே கேட்டுச் சொல்லுங்க. நீங்க சொன்னாதான் அவ நல்லா பேசறா."

கோபமாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கோபத்துக்குள் ஒரு கெஞ்சலும் இருந்தது. அண்ணன் போனைக் காதில் வைத்தார். வெண்கலத் தொண்டையைக் காணோம். எனக்கு ஒரு சொல்லும் எட்டவில்லை. அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அண்ணியின் காதருகே குனிந்து உரக்கச் சொன்னார்.

"அன்னைக்கு எல்லார் முன்னாலயும் அப்படிச் சொன்னது தப்புதாங்கறா. உன் குரலை நேரா கேட்டதுலேர்ந்து அவளுக்கு மனசே சரியில்லையாம்."

அண்ணி சிரித்தேவிட்டார். "போதும். இதுவும் நீங்க சேர்த்ததுதானே?"

"சத்தியமா ஒரு எழுத்து சேர்க்கலை" என்றார் அண்ணன். அண்ணி நம்பவில்லை. அண்ணன் துணைக்கு என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், நானும் நம்பவில்லை. கிடங்கில் இத்தனை வருஷம் சம்பாதித்த நம்பிக்கை வீட்டில் ஒரு வாக்கியத்துக்குச் செல்லவில்லை. அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

அவர் டப்பாவை எடுத்து அண்ணியின் கையில் வைத்தார். போனில், "நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. நீயே இன்னொரு தரம் சொல்லும்மா" என்றார்.

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டு, மெஷின்களை ஒவ்வொன்றாகக் காதில் பொருத்தினார். அந்த நொடியே குரல் அண்ணனின் காதைவிட்டுப் போய்விட்டது. "ஹலோ, ஹலோ" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தவர், புரிந்துகொண்டு போனை அண்ணியிடம் கொடுத்தார். அண்ணி கேட்டார். "ம்" என்றார். மறுபடியும் "ம்" என்றார். கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. நாங்கள் இருவரும் சத்தமே இல்லாத அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குனிந்து, "என்ன சொல்றா?" என்று கேட்டார்.

அண்ணி போனின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"இத்தனை நாளா நீங்க சொன்னதெல்லாம் அவ சொன்னதுதானாம்" என்றார்.

அவள் அப்படித்தான் சொன்னாளா என்று அண்ணன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.