குளவிக் கூட்டில் வந்த பச்சைப் பூச்சி

என் மேசையில் ஒரு தீப்பெட்டி இருக்கிறது. உள்ளே பஞ்சின் மேல் உருண்டையாகச் சுருண்டு கிடக்கிறது, பச்சையும் நீலமுமாக மின்னும் ஒரு பூச்சி. இத்தனை வருஷத்தில் அதன் நிறம் மங்கவில்லை. எனக்குத்தான் தலை நரைத்துவிட்டது.

சுதந்திரத்துக்கு முன்பு உத்தமபாளையத்தில் விவசாய இலாகாவில் வேலை பார்த்தேன். பூச்சி என்றால் எனக்குச் சோறு வேண்டாம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பிரசவத்தில் இறந்துபோன தன் தங்கையின் கைக்குழந்தையை எடுத்து வளர்க்க என் மனைவி ஆசைப்பட்டாள். நம் வீட்டுக்கு நம் ரத்தம்தான் வேண்டும் என்று அம்மா மறுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து உள்ளறைக் கதவு நிலையில் ஒரு குளவி மண்கூடு கட்டியது. குளவி கூடு கட்டிய வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அம்மா பூரித்துப்போய், அந்தக் கதவை யாரும் சாத்தக்கூடாது என்று உத்தரவே போட்டாள். மனைவி பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

ஒருநாள் காலையில் கூட்டைத் துளைத்துக்கொண்டு வந்தது குளவி அல்ல, இந்தப் பூச்சி. தொட்டதும் பந்தாகச் சுருண்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வயிற்றின் நுனியில் நான்கு பற்கள். ஆபீஸ் புத்தகத்தில் படமாக மட்டும் பார்த்திருந்த குயில்குளவி. எனக்குத் தலைகால் புரியவில்லை. காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுவதுபோல இது குளவிக் கூட்டில் முட்டையிடும் என்று வீடே கேட்கச் சொன்னேன். அதன் புழு குளவியின் குஞ்சைத் தின்று வளரும் என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் அம்மாவின் வாடிய முகத்தைப் பார்த்தேன். மிச்சத்தை விழுங்கிவிட்டு, பிறகு மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

மறுநாள் அம்மா கூட்டையே பார்த்தபடி நின்றாள். "அடுத்தவுக பிள்ளைதான் நம்ம வீட்டுக்குன்னு எழுதியிருக்கு போல. போயித் தூக்கிட்டு வாங்க" என்றாள். உடனே வண்டி பூட்டிக் குழந்தை இருந்த காமயகவுண்டன்பட்டிக்குப் போனோம்.

குழந்தை அம்மாவின் மடியிலேயே வளர்ந்தாள். பள்ளிக்கூடம் போகும் வயதில் தீப்பெட்டியைத் திறந்து, இது என்ன தின்னும் என்று கேட்டாள். பூவில் தேன் குடிக்கும் என்று சொல்லிப் பெட்டியை மூடினேன். அவள் விளையாடப் போனதும் அம்மா சிரித்தாள்.

"ஏலே, அது குளவிக் குஞ்சைத் தின்னுட்டு வந்ததுன்னு உன் பொண்டாட்டி அன்னைக்கே சொல்லிட்டா. உண்மையை மறைச்சுக் கொண்டாந்த பிள்ளையா இருக்க வேண்டாம்னா."

பிறகு ஏன் சம்மதித்தாய் என்று கேட்டேன்.

"பிடிவாதம் பிடிச்சாச்சு. எறங்கி வர ஒரு சாக்கு வேணும்ல."

இன்று மகள் தன் பையனோடு வருகிறாள். தீப்பெட்டியை அவன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்கிறேன். கேட்டால் முழுக் கதையையும் சொல்லலாம்.