குளத்தில் தெரிந்தவர்

ரப்பர் தோட்டம் மூடியபோது அதன் ஆபீஸ் சுவரிலிருந்து நான் எடுத்துவந்த குளத்துப் படத்தை, மலாக்கா வீட்டில் மகள் கைப்பேசியில் படம்பிடித்துத் திருத்திக்கொண்டிருந்தாள். மரங்களும் தண்ணீரில் அவற்றின் பிம்பமும் துலங்கின. புதுச் சம்பந்தி அருகில் இருந்தார்.

"தண்ணியில யாரோ தெரியிறாங்கப்பா. அழிச்சிரவா?"

அது என் அம்மா. துணி துவைத்துக்கொண்டிருந்தவர், மேனேஜர் கேமராவோடு வந்ததும் ஈரக் கைலியோடு தாழ்ந்த கிளைக்குப் பின்னால் ஒளிந்தார். கிளைக்கு அடியில் அவர் பிம்பம் தண்ணீரில் விழுந்தது.

படம் மாட்டிய காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நின்ற எல்லாரும் கேட்கக் கங்காணி சிரித்தார். "தொரை படத்துலயே குளிக்கிறியே லா, முனியம்மா!" சவர்க்காரம் மணக்கும் கைகளால் அம்மா முகத்தை மூடிக்கொண்டார். எனக்குக் காது சுட்டது.

"யாருங்க அது?" என்றார் சம்பந்தி.

"யாரோ தோட்டத்து ஆளுங்க," என்றேன். "அழிச்சிரும்மா."

மகள் விரலால் ஒருமுறை தேய்த்தாள்.