திரும்பிப் போன சீர்

அன்றைக்கு வாசலில் இருந்தது ஐந்து பேர். அப்பா, பெண்ணாடத்திலிருந்து வந்த மாமா, மாமி, குட்டியானை வண்டி டிரைவர், நான். அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ரெண்டு நாள்தான் ஆகியிருந்தது. எனக்கு எட்டு வயது.

கல்யாணத்தின்போது அம்மாவுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த சீரைத் திரும்ப எடுத்துப்போக மாமா வந்திருந்தார். கையில் அப்போது எழுதி வைத்த சீர் நோட்டு. அவர் படிக்கப் படிக்க, அப்பாவும் டிரைவரும் தூக்கி வந்து ஏற்றினார்கள். பீரோ ஒன்று. கட்டில் ஒன்று. கிரைண்டர். பித்தளை அண்டா ரெண்டு. மாமா நேர்மையான மனுஷர். கிரைண்டரோடு சேர்ந்து ஏறிவிட்ட மிக்சி அப்பா வாங்கியது என்று தெரிந்ததும், அதைத் தானே இறக்கி வைத்தார். அம்மாவின் புடவைகளும் நோட்டில் இல்லை. அவற்றைப் பாயில் கொட்டிவிட்டுத்தான் பீரோவைத் தூக்கினார்கள். நகையை மட்டும், பாப்பா கல்யாணத்துக்குப் பத்திரமாக இருக்கட்டும் என்று மாமி தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"கண்ணு முன்னால கெடந்தா நெனப்பு வந்துகிட்டே இருக்கும்ண்ணே. எல்லாம் போயிட்டா உங்களுக்கும் மனசு ஆறும்," என்றாள்.

அப்பா தலையாட்டினார். வேகவேகமாகத் தூக்கினார்.

கேஸை மூடினேனா என்று இன்றைக்கும் பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். அப்போதே அப்படித்தான். வேகத்தடையில் பீரோ சரிந்துவிடுமோ, எதிரே கரும்பு டிராக்டர் வந்தால் வண்டி எங்கே ஒதுங்கும் என்று ஓயாமல் யோசித்துக்கொண்டிருந்தேன். என்னைக் கூட்டிப்போவார்களா என்ற கவலை மட்டும் வரவே இல்லை. அம்மாவோடதெல்லாம் போகிறது, நானும் அம்மாவோடது. இதில் கேட்க என்ன இருக்கிறது?

அம்மா பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற வேலை பார்த்தாள். பொம்மை செய்கிற எங்கள் தெருவில் எதை வண்டியில் ஏற்றினாலும் உடையாமல் இருக்க வைக்கோல் வைத்துத்தான் ஏற்றுவார்கள். நானும் ஸ்கூல் பையில் ரெண்டு கவுன், என் தட்டு, டம்ளர் எல்லாம் வைத்து, இடுக்குகளில் வைக்கோலைத் திணித்துக்கொண்டு, பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

கயிறு கட்ட வந்த டிரைவர்தான் பார்த்தார். "அண்ணே, இந்த உருப்படி நோட்டுல இருக்குதா?"

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீடு என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எறங்கு பாப்பா," என்றார் மாமா.

"நானும் வரேன் மாமா. எல்லாம் அங்கதான போவுது."

"நீ இந்த வூட்டுப் புள்ளம்மா. நாங்க குடுத்தத மட்டுந்தான் எடுத்துட்டுப் போறோம்."

நான் வண்டியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தேன். அப்போதுதான் அப்பா கிட்டே வந்தார்.

"ஆசப்படுதுல்ல மச்சான், கூட்டிட்டுப் போங்க. அங்கயே ஸ்கூல்ல சேத்துடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மாமா மாமியைப் பார்த்தார்.

"எங்க வூட்டுல எடம் ஏதுண்ணே? இந்தப் பீரோவயே எங்க வைக்கிறதுன்னு தெரியல. லீவுக்கு வரட்டும், பத்து நாளு இருந்துட்டுப் போவட்டும்."

"லீவுக்கு எதுக்கு? இப்பவே வரட்டுமே. ஒரு ஓரமா இருந்துக்கும். சோறுகூட ரொம்பத் திங்காது, மச்சான்."

அப்பா விடவில்லை. மூன்று தடவை கேட்டார். கடைசித் தடவை மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் யாரிடமும் அப்படிக் கெஞ்சி அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோதுகூட டாக்டரிடம் கெஞ்சவில்லை.

மாமா கையை உருவிக்கொண்டார். பலகையிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தூக்கி, அப்பாவிடம் நீட்டினார். அப்பா வாங்கிக் கீழே விட்டார். வண்டி கிளம்பிப் போயிற்று.

அதற்குப் பிறகு மாமா வீட்டுப் பக்கம் நான் போனதில்லை. மாமி செத்ததற்குக்கூடப் போகவில்லை. ஆனால் அப்பாவை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. எட்டாவதோடு நின்றுகொள், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றபோது, அழாமல் நின்றுகொண்டேன். அத்தனை பேரில் எனக்காகப் பேசியவர் அவர் ஒருவர்தான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.