எதிர்வீட்டுக்குப் போக முடியாத தலைவர்

"சமையல்கட்டுக் கதவைத் திற, ராடா."

"மாசம் முடியட்டும் எஜமான், நானே திறந்து விடுறேன்."

"அம்மா சாகக் கிடக்கிறாங்க. எதிர்வீட்டுலதானே இருக்காங்க."

"தெரியும். அந்த வீட்டுத் தரையைத் தேய்ச்சவதானே நான். வெள்ளிக் கரண்டியைக் காணோம்னு அவங்கதான் என்னைத் திருடின்னு தெருவுல தள்ளினாங்க."

"நான் இந்த ஊருக்கே தலைவன்டி."

"அதனாலதான் போக முடியாது. நான் போடலை, உங்க பிரபுக்கள் சபை போட்ட சட்டம்."

ரகுசா என்ற நகரக் குடியரசில் தலைவர் பதவி ஒரே மாதம்தான். எவரும் நாற்காலியில் வேரூன்றிவிடக் கூடாதென்று, அந்த மாதம் முழுக்க அரசுப் பணிக்கன்றி மாளிகையை விட்டு இறங்கவும் தடை. மாளிகை வேலைக்காரியான ராடா எத்தனையோ தலைவர்களுக்கு ரொட்டி கொண்டுபோய் வைத்திருக்கிறாள். ஒருவரையும் அவள் பொருட்படுத்தியதில்லை. இந்த மாதத் தலைவரான ஓர்சாத்தை மட்டும் மனதார வெறுத்தாள். அவர் கெஞ்சுவதைக் கேட்க அவளுக்கு இனித்தது. சாவியை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு, அவர் தொடாத தட்டை எடுத்தாள்.

ஓர்சாத் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

"அப்ப நீயாவது போ. கரண்டியை எடுத்துச் சூதாட்டத்துல தோத்தது நான்தான்னு, அம்மா கண்ணை மூடுறதுக்குள்ள சொல்லிடு. சொல்லிட்டு, கொஞ்ச நேரம் அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு இரு."